சிகாகோ பல்கலைக்கழகம் ட்ரிகர் வார்னிங்கைத் தடை செய்ததா?

2016-ல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் ட்ரிகர் வார்னிங்கை, அதாவது மனதைப் பாதிக்கக்கூடிய பாடம் வருவதை முன்கூட்டிச் சொல்வதை, தடை செய்துவிட்டது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல.

அந்த ஆண்டு ஆகஸ்டில் மாணவர் டீன் ஜான் எல்லிசன் புதிய மாணவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். அதில் இருந்தது ‘நாங்கள் ஆதரிப்பதில்லை’ என்ற வரிதான். ஆதரிக்காமல் இருப்பதும் தடுப்பதும் ஒன்றல்லவே. அந்த வரியே கல்விச் சுதந்திரத்தைச் சொல்லித்தான் தொடங்குகிறது. அதே சுதந்திரத்தில், ‘அடுத்த வாரப் பாடத்தில் பாலியல் வன்முறை பற்றிய பகுதி வரும்’ என்று ஒரு பேராசிரியர் வகுப்பில் சொல்வதும் அடங்கும். அப்படிச் சொல்வது அவரவர் விருப்பம் என்று பல்கலைக்கழகத் தரப்பும் அப்போதே விளக்கியது.

கடிதத்தின் தொனி கறாரானதுதான், அதை மறுக்கவில்லை. செய்தித் தலைப்புகள் அதை இன்னும் ஏற்றிவிட்டன என்பது என் கணிப்பு.

சரிபார்ப்பது சுலபம். கடிதம் ஒரே பக்கம்தான், இணையத்தில் முழுதாகக் கிடைக்கிறது. ‘பயன்படுத்தக் கூடாது’ என்று ஆசிரியர்களுக்கு எங்காவது சொல்லியிருக்கிறதா பாருங்கள். அப்புறம், 2016 செப்டம்பரில் அங்குள்ள மாணவர் பத்திரிகையான ‘சிகாகோ மரூன்’ இதழில் 150-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் கையெழுத்திட்ட பதில் கடிதம் வந்தது. முன்னெச்சரிக்கை பற்றித் தங்களுக்குள்ளேயே பல கருத்துகள் உண்டு என்று அதில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.