'ரேடியோவை விட்டுடுங்க சார்'

ஞாயிற்றுக்கிழமை நான் பேசப்போன இணையக் கூட்டத்தில் நெறியாளர் என்னை இடைமறித்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஆனால் அந்த நாற்பது நொடியை மட்டும் வெட்டி எடுத்துப் பதிவாகப் போட்டு, அதன் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசைகட்டி விழும்போது வாயை மூடிக்கொண்டிருக்க நான் ஒன்றும் மகான் இல்லை.

'பிரிட்டிஷ் நகைச்சுவையின் வரலாறு' என்று அழைப்பிதழில் போட்டது நான் அல்ல, அவர்கள். வரலாறு என்று போட்டால் ஆரம்பத்திலிருந்துதானே சொல்ல முடியும்? நான் 1939க்கு வந்து டாமி ஹேண்ட்லி என்ற வானொலி நகைச்சுவை நடிகரின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள், 'சார், ரேடியோவை விட்டுடுங்க, நேரா மிஸ்டர் பீனுக்கு வந்துடுங்க, டைம் இல்ல' என்கிறார் நெறியாளர். நேரம் இல்லாதவர் வரவேற்புரைக்கு மட்டும் இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். சரி, அதை விடுங்கள். பதிவின் கீழே முதல் கருத்து என்ன தெரியுமா? 'ரேடியோல எப்படி சார் காமெடி? மூஞ்சி தெரியாம யார் சிரிப்பாங்க?'

கேட்டதால் சொல்கிறேன். குண்டு விழுந்துகொண்டிருந்த லண்டன் சிரித்தது. ஹேண்ட்லியின் வானொலி நிகழ்ச்சி 'இட்ஸ் தட் மேன் அகெய்ன்', சுருக்கமாக இட்மா, 1939 ஜூலையில் தொடங்கியது. அதில் ஃபுன்ஃப் என்று ஒரு ஜெர்மன் உளவாளி வருவான். அந்தக் குரலுக்காக ஜாக் டிரெயின் என்ற நடிகர் காலிக் கண்ணாடி டம்ளருக்குள் வாயை வைத்துப் பேசுவார். மொத்தச் செலவு ஒரு டம்ளர். ஹிட்லரின் ஆளை அதற்குள் அடைத்து ஒரு நாடே கேலி செய்தது. 1949 ஜனவரியில் ஹேண்ட்லி இறந்ததும் நிகழ்ச்சியும் அதோடு நின்றது. வேறு ஆளைப் போட்டு ஓட்டவில்லை. செயின்ட் பால் தேவாலயத்தில் நினைவு வழிபாடு நடத்தினார்கள். பெரும்பாலானவர்கள் குரலாக மட்டுமே அறிந்திருந்த ஒரு மனிதருக்கு.

பிரிட்டிஷ் காமெடி பிறந்தது காதில். இதைத்தான் ஞாயிற்றுக்கிழமை சொல்ல வந்தேன். சொல்ல விடவில்லை, அதனால் இங்கே நூறு முறை சொல்வேன்.

பின்னாளில் சினிமாவில் புகழ்பெற்ற பீட்டர் செல்லர்ஸ் பிபிசிக்குள் எப்படி நுழைந்தார்? ஒரு தயாரிப்பாளருக்குத் தொலைபேசியில், அன்று பிரபலமாக இருந்த கென்னத் ஹார்ன் குரலில் பேசி, 'செல்லர்ஸ் என்று ஒரு பையன் இருக்கிறான், அபாரம்' என்று தனக்குத் தானே சிபாரிசு செய்துகொண்டார். முகத்தைக் காட்டியிருந்தால் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். அப்புறம் 1951இல் ஸ்பைக் மில்லிகன், ஹாரி சீகம்ப், மைக்கேல் பென்டைன் ஆகியோரோடு சேர்ந்து ஆரம்பித்ததுதான் 'தி கூன் ஷோ' என்ற வானொலி நிகழ்ச்சி. ஒரு பகுதியில் நெப்போலியனின் பியானோவையே படகாக்கி ஆங்கிலக் கால்வாயைக் கடப்பார்கள். எந்த கேமரா இதை எடுக்கும்? காதுக்கு அலைச் சத்தம் போதும், ஒரு பியானோக் கட்டை போதும். விசித்திர ஒலிகளைத் தயாரிக்கும் பிரிவான பிபிசியின் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப் 1958இல் வந்த பிறகு, கூன் ஷோவில் வரும் மேஜர் ப்ளட்நாக்கின் வயிற்று இரைச்சலுக்கென்றே தனியாக ஒரு சத்தம் தயாரித்துக் கொடுத்தார்கள். மனிதகுலத்தின் விஞ்ஞான வளர்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

'சத்தம் போட்டால் யாரும் சிரிப்பார்கள்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சத்தமே போடாமல் சிரிக்க வைத்ததும் ரேடியோதான் ஐயா! ரே கால்டனும் ஆலன் சிம்ப்சனும் காசநோய் விடுதியில் நோயாளிகளாகச் சந்தித்து, அங்கிருந்த வானொலிக்கு எழுத ஆரம்பித்தவர்கள். பிறகு டோனி ஹான்காக் என்ற நகைச்சுவை நடிகரின் வானொலி நிகழ்ச்சிக்கு எழுதினார்கள். 1958இல் வந்த ஒரு பகுதியில் கதையே கிடையாது. ஞாயிறு மதியம், மழை, பொழுது போகவில்லை. ஹான்காக் பெருமூச்சு விடுவார். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. மறுபடி பெருமூச்சு. அந்த இடைவெளியில் ஊரே சிரிக்கும். வானொலியில் மௌனம் என்றால் பெட்டி ரிப்பேர் என்று அர்த்தம்; அதையே ஜோக்காக மாற்ற எவ்வளவு தைரியம் வேண்டும்!

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றும் ஒருவர் நக்கலாகக் கேட்டிருந்தார். அப்பாவால்தான். தபால் ஆபீசில் வேலை. வீட்டில் ஒரு டூ-இன்-ஒன் இருந்தது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அதன் முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி லண்டனைப் பிடிப்பார். சிற்றலை, வரும், போகும். நகைச்சுவையின் முக்கியமான வார்த்தை வரும்போது சரியாகக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். அவருக்குப் பிடித்தது 'மை வேர்ட்!' என்ற பிபிசியின் சொல் விளையாட்டு நிகழ்ச்சி. முடிவில் ஃபிராங்க் மியூரும் டெனிஸ் நார்டனும் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பிரபலமான ஒரு மேற்கோளைச் சிலேடையாகத் திருகி அங்கே கொண்டுபோய் முடிக்கும் கதை. அப்பா சிரித்துவிட்டு எனக்கு விளக்குவார். விளக்கிய பிறகும் எனக்குப் புரியாது. அவர் சிரிப்பதைப் பார்த்துச் சிரிப்பேன். ஆகாசவாணியில் ஞாயிறு மதியம் ஒலிச்சித்திரம் கேட்டுச் சிரித்த ஊர் இது. நம்மிடம் வந்து 'மூஞ்சி தெரியாம எப்படி' என்று கேட்கிறார்கள்.

'வெள்ளைக்காரனுக்கு வக்காலத்தா?' இந்தக் கேள்வி வரும் என்று தெரியும், வந்தும் விட்டது. இதில் பாதி நியாயம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். மில்லிகன் பிறந்தது அகமது நகரில், வளர்ந்தது பூனாவிலும் ரங்கூனிலும். அப்படிப்பட்டவரே 1969இல் 'கறி அண்ட் சிப்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடரில் முகத்துக்குப் பழுப்பு மை பூசிக்கொண்டு நின்றார். ஆறு பகுதிகளோடு நிறுத்தினார்கள், நல்லது. நம்மில் பலர் விழுந்து விழுந்து சிரித்த 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' தொடர் மட்டும் என்ன? சர்தார்ஜி ரஞ்சித் சிங்காக வந்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கை கம்பளையில் பிறந்தவர். ஆனால் இதற்குச் சரியான பதிலடி எங்கிருந்து வந்தது? பிரிட்டனிலேயே வளர்ந்த இந்திய வம்சாவளியினரான சஞ்சீவ் பாஸ்கரும் மீரா சயாலும் சேர்ந்து செய்த 'குட்னெஸ் கிரேஷஸ் மீ'. பம்பாயில் குடித்துவிட்டு இங்கிலீஷ் ஓட்டலுக்குப் போய், 'இருப்பதிலேயே சப்பென்று இருப்பதைக் கொண்டு வா' என்று சர்வரிடம் சலம்பும் கூட்டத்தை மறக்க முடியுமா? அது தொலைக்காட்சிக்கு வந்தது 1998இல். அதற்கு முன் 1996இலிருந்து எங்கே ஓடியது? ரேடியோ ஃபோரில். மறுபடியும் காது.

தணிக்கையையும் காதுதான் ஏமாற்றியது. 1940களின் கடைசியில் பிபிசி தன் எழுத்தாளர்களுக்கு ஒரு பச்சைப் புத்தகம் போட்டது. கழிப்பறை ஜோக் கூடாது, தேனிலவுத் தம்பதி கூடாது, பெண்களின் உள்ளாடை கூடாது, முயல்களின் பழக்கவழக்கங்கள்கூடக் கூடாது. அந்த வீட்டிலேயே 1965இல் 'ரவுண்ட் தி ஹார்ன்' வந்தது. ஜூலியன், சாண்டி என்று இரண்டு பேர், தற்பாலின ஆண்களின் குழூஉக்குறியான போலாரியில், ஞாயிறு மதியச் சாப்பாட்டு வேளையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்த நாட்டுக்கு முன்னால் பொளந்து கட்டினார்கள். அப்போது அங்கே ஆண்களின் தற்பாலின உறவு சட்டப்படி குற்றம். இங்கிலாந்தில் சட்டம் மாறியது 1967இல்தான். புரிந்தவர்களுக்குப் புரிந்தது, பாட்டிகள் வேறு எதற்கோ சிரித்தார்கள். படமாகக் காட்டியிருந்தால் முதல் வாரமே பூட்டியிருப்பார்கள்.

அப்புறம் மிஸ்டர் பீன். எனக்கு அவர்மேல் கோபமா என்று உள்பெட்டியில் கேட்கிறார்கள். மொத்தம் 15 பகுதி, எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் நெறியாளர் அவர்களே, நீங்கள் நேராக வந்துவிடச் சொன்ன அந்த மிஸ்டர் பீனாக நடித்த ரோவன் அட்கின்சன் 1979லேயே ரிச்சர்ட் கர்டிஸோடு சேர்ந்து 'தி அட்கின்சன் பீப்பிள்' என்று ஒன்று செய்தார். எதில்? உங்களுக்கு நேரம் இல்லை, நானே சொல்கிறேன். ரேடியோவில்!

இதெல்லாம் பழங்கதை, யாருக்கு வேண்டும் என்கிறீர்கள். பிபிசியும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தது. வீடியோ டேப் விலை அதிகம், மறுஒளிபரப்புக்குத் தொழிற்சங்கங்களின் கட்டுப்பாடு வேறு, எனவே அழித்துவிட்டு அதன் மேலேயே வேறு எதையோ பதிந்தார்கள். பீட்டர் குக்கும் டட்லி மூரும் செய்த 'நாட் ஒன்லி பட் ஆல்ஸோ' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பெரும்பகுதி போயே போய்விட்டது. டேப்புக்கு நானே காசு தருகிறேன் என்று குக் கேட்டும் கொடுக்கவில்லை. 'டாட்ஸ் ஆர்மி' என்ற தொலைக்காட்சித் தொடரில் 3 பகுதிகள் இன்றும் இல்லை. ஹான்காக்கின் வானொலிப் பகுதிகளிலும் சில இல்லை. டேப்பை அழித்த குமாஸ்தாவும் 'டைம் இல்ல, இடம் இல்ல' என்றுதான் சொல்லியிருப்பான். எனக்கு அவன் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல இருக்கும்.

இதை எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது. அப்பா 'மை வேர்ட்!' நிகழ்ச்சியை ஒரு கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். யாரும் மேலே பதிந்துவிடக் கூடாதென்று கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் உடைத்திருந்தார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. நேயர் விருப்பத்தில் பாட்டுப் பிடிக்க வேறு கேசட் கிடைக்கவில்லை. உடைந்த ஓட்டையின் மேல் செல்லோடேப் ஒட்டினால் பதியும் என்று பக்கத்து வீட்டுப் பையன் சொல்லிக் கொடுத்தான். ஒட்டினேன். இரண்டு பக்கமும் சினிமாப் பாட்டு.

அப்பா ஒரு நாள் போட்டுப் பார்த்தார். முதல் பாட்டு முடியும்வரை கேட்டார். அணைத்துவிட்டு, செல்லோடேப்பை நகத்தால் மெதுவாக உரித்தெடுத்து, கேசட்டை உறையில் போட்டு என் கையில் கொடுத்தார். திட்டவில்லை. அந்தக் கேசட் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. முதல் பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால், ஒரு மூன்று நொடி, லண்டனில் யாரோ கைதட்டுவது கேட்கும்.