நிலாவில் ஒரு பாயிண்ட்

(ஊத்துக்கோட்டை, சத்தியவேடு ரோட்டில் ஒரு டீக்கடை. முனிரத்தினம்: தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்த்து, போர்வெல்லுக்குப் பாயிண்ட் குறிப்பவர். தமிழ்நாடு, ஆந்திரா ரெண்டு பக்கமும் வாடிக்கை. தேவகி: அவருடைய அக்கா மகள், பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர்.)

முனிரத்தினம்: இன்னாம்மா தேவகி, நம்மாளுங்க நிலாவுல போர் போட்டாங்களாமே? எவ்ளோ அடி?

தேவகி: 10 சென்டிமீட்டர், மாமா.

முனிரத்தினம்: (டீ கிளாஸை வைத்துவிட்டு) அரைச் சாணா! சத்தியவேட்டுல 900 அடி எறக்கியும் புகைதான் வருது. அரைச் சாணுக்கு ராக்கெட்டு வேற உட்டாங்களா?

தேவகி: அது தண்ணிக்குப் போட்டது இல்ல மாமா, சூடு பாக்கப் போட்டது. சந்திரயான்-3 லேண்டர்ல 'சேஸ்ட்'னு ஒரு கருவி. ஒரு கம்பி, அதுல வரிசையா 10 வெப்ப சென்சார். 2023 ஆகஸ்ட் 23 இறங்குச்சு. அதுக்கப்புறம் மோட்டார் சுத்திச் சுத்தி அந்தக் கம்பிய மண்ணுக்குள்ள இறக்குச்சு. எந்த ஆழத்துல எவ்வளவு சூடுன்னு ஒவ்வொரு சென்சாரும் தனித்தனியா சொல்லும்.

முனிரத்தினம்: சுத்தி எறக்குறது எதுக்கு? சம்மட்டியால ரெண்டு போடு போட்டா போச்சு.

தேவகி: அப்படிப் போட்டுத்தான் நாசாவோட இன்சைட் லேண்டர் கொண்டுபோன கருவி செவ்வாய்ல மாட்டிக்கிச்சு. 40 சென்டிமீட்டர் நீளத்துல ஒரு முளை. உள்ளேயே சுத்தியல் வச்சிருக்கும், தன்னைத் தானே அடிச்சுக்கிட்டு 5 மீட்டர் போகணும்னு திட்டம். 2019 பிப்ரவரில அடிக்க ஆரம்பிச்சாங்க.

முனிரத்தினம்: எவ்ளோ போச்சு?

தேவகி: 2021 ஜனவரில கைவிடும்போது முளையோட தலை தரைக்குக் கீழ ரெண்டு, மூணு சென்டிமீட்டர்ல இருந்துச்சு.

முனிரத்தினம்: (ரொம்ப நாளாகக் காத்திருந்தவர் மாதிரி) பாத்தியா! பாயிண்டு பாக்காம எறக்குனா இதான் கதி. ஒரு தேங்கா எடுத்துனு போயிருக்கலாம்ல?

தேவகி: பாயிண்ட் தப்பில்ல, மண்ணு தப்பு. சுத்தியல் அடிச்சா முளை பின்னால எகிறும். சுத்தியிருக்கிற மண்ணு இறுக்கிப் பிடிச்சாத்தான் எகிறாம முன்னால போகும். அந்த மண்ணு கட்டி கட்டியா நின்னுச்சு, முளையச் சுத்திக் குழி விழுந்துச்சு, பிடிப்பே இல்ல. ரோபோ கையால மேல இருந்து அழுத்தியும் பாத்தாங்க.

முனிரத்தினம்: கையால அமுக்குனாங்களா? நம்ம வண்டிக்காரப் பசங்க கேசிங் பைப்பு மேல ஏறி நிப்பானுங்களே, அதானே! (சந்தோஷமாக) சரி, நம்ம கம்பி இன்னா சொல்லிச்சு?

தேவகி: இஸ்ரோ முதல்ல விட்ட வரைபடத்துல மேல 50 டிகிரிக்கு மேல. 8 சென்டிமீட்டர் கீழ மைனஸ் 10.

முனிரத்தினம்: யம்மா! மேல வெயிலு, நாலு விரக்கட கீழ ஐஸ் பொட்டி. மிஷின் ரிப்பேரா?

தேவகி: மிஷின் நல்லாத்தான் இருந்துச்சு. நிலா மண்ணு மாவு மாதிரி துகள். காத்து கிடையாது. ஒரு துகளும் இன்னொரு துகளும் நுனியில மட்டும் தொட்டுக்கும், சூடு அந்த வழியாத்தான் இறங்கணும். நீறு பூத்த நெருப்பு சொல்றோமே, சாம்பல் மூடினா சூடு வெளிய வராது. இங்க அதையே தலைகீழா வச்சுக்கோங்க, மேல இருக்கிற சூடு உள்ள போகாது.

(முனிரத்தினம் தலையாட்டுகிறார். புரிந்ததா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பாயிண்ட் பார்க்கும்போதும் இதே முகம்தான்.)

தேவகி: இது முதல் செய்தி. 2025-ல வந்த ஆய்வுக் கட்டுரையில இன்னொண்ணு இருக்கு. கம்பி இறங்கின இடத்துல பகல் சூடு 82 டிகிரி வரைக்கும் போயிருக்கு. அங்கேயிருந்து ஒரே ஒரு மீட்டர் தள்ளி சமதரையில 59 தான்.

முனிரத்தினம்: ஒரு மீட்டர்ல 23 டிகிரியா? அது எப்டி?

தேவகி: சரிவு. கம்பி இறங்கின மண்ணு சூரியனப் பாத்து 6 டிகிரி சாய்ஞ்சிருந்துச்சு. லேண்டர் இருக்கிறது தெற்கே 69 டிகிரி அட்சரேகையில. அங்க உச்சி நேரத்துலயும் சூரியன் அடிவானத்துக்கு மேல 20, 22 டிகிரிக்கு மேல ஏறாது. கதிரெல்லாம் படுத்துக்கிட்டுத்தான் வரும். அப்ப தரை 6 டிகிரி நிமிர்ந்தா போதும், கால் பங்கு வெயில் கூட விழும்.

முனிரத்தினம்: அப்ப சூரியனுக்கு முதுகக் காட்டுற பக்கம்?

தேவகி: (டீச்சர் பெஞ்சைத் தட்டுகிறார்) அதுதான் மாமா கேள்வி! துருவத்தப் பாத்து 14 டிகிரிக்கு மேல சாய்ஞ்ச சரிவா இருந்தா, அந்த மண்ணுக்கடியில அதிக ஆழமில்லாமலே பனிக்கட்டி தங்கலாம்னு கணக்குப் போட்டிருக்காங்க. துருவத்துல இருட்டுப் பள்ளத்துக்குத்தான் போகணும்னு இல்ல. இந்த மாதிரி இடத்துல இறங்குறதும் சுலபம், சோலார் பேனலுக்கு வெயிலும் கிடைக்கும்.

முனிரத்தினம்: (துண்டை உதறித் தோளில் போட்டு) ஆக, அங்க பாயிண்டு பாக்க ஆளு தேவப்படுது.

தேவகி: தேங்காய் வச்சா?

முனிரத்தினம்: தேங்கா, எலுமிச்சம்பழம், வேப்பங்குச்சி, எது வேணாலும். அட்வான்சு மட்டும் முன்னாடி.

தேவகி: பாயிண்ட் குறிச்சிட்டீங்கன்னே வைங்க. போர் எப்படிப் போடுவீங்க?

முனிரத்தினம்: கம்ப்ரசர் வண்டிதான். காத்தடிச்சா கல்லுமாவு மேல வந்துரும்.

தேவகி: அங்க காத்து ஏது?

முனிரத்தினம்: (யோசித்து) ...டிரம்முல எடுத்துனு போலாம்.

தேவகி: கொண்டுபோறதுக்கு ஒவ்வொரு கிலோவுக்கும் காசு மாமா. திருகுக் கம்பியாலதான் மண்ண மேல ஏத்தணும். அதையும் அவசரமா சுத்தினா முனை சூடாகும். ஐஸ் அங்க உருகித் தண்ணியாவாது, நேரா ஆவியாகிப் போயிடும். மெதுவா, நடுவுல நிறுத்தி நிறுத்தி ஆறவிட்டுத் துளைக்கணும்.

முனிரத்தினம்: அடப் பாவமே! தண்ணி பட்டும் தண்ணி போச்சுன்னு பார்ட்டிகிட்ட எப்டிம்மா சொல்றது? இங்கயே நம்பமாட்டான்.

தேவகி: சந்திரயான்-5 அதத்தான் முயற்சி பண்ணப்போகுது. ஜப்பானோட சேர்ந்து, ஒரு பெரிய ரோவர். 2025 மார்ச்சுல மத்திய அரசு ஒப்புதல் குடுத்தாச்சு. ஒண்ணரை மீட்டர் ஆழத்துலேருந்து மண்ணெடுக்கத் திட்டம்.

முனிரத்தினம்: அஞ்சடி! பரவால்ல, முன்னேறிக்கினே வராங்க. ராக்கெட்டு நம்ம சூளூர்பேட்டைலருந்துதானே? இங்கேர்ந்து பக்கம்.

தேவகி: இல்ல மாமா, ஜப்பான்லேருந்து. அவங்க ராக்கெட்.

முனிரத்தினம்: (முகம் விழுகிறது) அப்ப பஸ் சார்ஜு யாரு தருவா? (டீக்கடைக்காரரிடம்) ரெண்டு டீ காசு வாத்தியாரம்மா கணக்குல எழுதிக்க. இத்தினி நேரம் நான் கன்சல்டிங் பண்ணேன்.