லைட் எரியுதுல்ல, அப்புறம் என்ன?

வயர் கருகுகிற வாடையை ஒரு தடவை முகர்ந்தவர்களுக்கு அது ஆயுசுக்கும் மூக்கை விட்டுப் போகாது. கருவாடும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகத் தீய்ந்த மாதிரி ஒரு நாற்றம். போன நவம்பரில், கோத்தகிரி மலை ரோட்டில் குஞ்சப்பனை தாண்டி நாலைந்து வளைவு ஏறியதும், அந்த நாற்றம் என் காருக்குள் வந்தது. ராத்திரி ஒன்பதரை மணி. பின் சீட்டில் அம்மா. கோவையில் கண் ஆபரேஷன் முடிந்து ஒரு கண்ணில் கட்டோடு படுத்திருந்தார். மழை விட்டு மூடுபனி ரோட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. ஃபாக் லைட் வெளிச்சத்தில் ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தேன். சட்டென்று ஃபாக் லைட் அணைந்தது. அடுத்த மூச்சுக்குள் இரண்டு ஹெட்லைட்டும் போயின.

ஓரங்கட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன். புகை நிற்கவில்லை. சாவியைக் கையில் எடுத்த பிறகும் பானெட் இடுக்கு வழியாகப் புகை வந்துகொண்டே இருந்தது. வயிற்றைக் கலக்கியது. அம்மாவை இறக்கித் தள்ளி நிற்க வைத்தேன். தீ நாக்கு தெரிந்திருந்தால் பானெட்டைத் தொட்டிருக்கவே மாட்டேன், காற்று பட்டால் குப்பென்று பிடித்துவிடும். வெறும் புகைதான். கொஞ்சமாகத் தூக்கி, செல்போன் டார்ச்சில் பார்த்தால், பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து கிளம்பிய ஒரு ஒல்லி வயர் தோலுரிந்து செக்கச் செவேலென்று கனன்றுகொண்டிருந்தது. டோர் பாக்கெட்டில் கிடந்த பத்தாம் நம்பர் ஸ்பேனரால் மைனஸ் டெர்மினலைக் கழற்றினேன். கனல் அடங்கியது. கூடவே இண்டிகேட்டர், ஹசார்டு எல்லாமும் செத்தது. யானை நடமாடுகிற அந்த ரோட்டில், கும்மிருட்டில், கண் கட்டோடு ஒரு வயசான அம்மா. பின்னால் ஏறி வந்த அரசு பஸ் டிரைவர் நிறுத்தி, லைட்டைப் போட்டுவிட்டு, காலி பிக்கப் ஒன்று வரும்வரை கூடவே நின்றார். அந்த அண்ணனுக்கு இன்றும் மனசுக்குள் கும்பிடு போடுகிறேன்.

இதற்குக் காரணம் விதியா? வண்டிக் கம்பெனியா? இல்லை. நாலு மாதம் முன்னால் கீழே ஒரு ஆக்சஸரி கடையில் 3,500 ரூபாய் எண்ணிக் கொடுத்து அந்த ஃபாக் லைட்டைப் போட்டேன். அன்றைக்கே கேட்டேன், "தம்பி, ஃபியூஸ் எங்க இருக்கு?" என்று. சிரித்தான். "அக்கா, லைட் எரியுதுங்கல்ல, அப்புறம் என்னங்க?"

என் குமுறல் முழுக்க இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான். லைட் எரிவது வேலையில் பாதிகூட இல்லை. பேட்டரியிலிருந்து பல்புக்கு இரண்டு வயரை இழுத்தால் எட்டு வயசுப் பிள்ளைகூட எரிய வைக்கும். லைட் மட்டும் எரியணும், வேறு எதுவும் எரியக் கூடாது. அதற்குத்தான் காசு வாங்குகிறீர்கள்!

மறுநாள் காரை இறக்கி, டேப்பை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துப் பார்த்தபோது ரத்தம் கொதித்தது. ஸ்பீக்கருக்கு இழுக்கிற ஒல்லி வயர். ஃபியூஸ் இல்லை. சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற ரிலேயும் இல்லை. தகரத்தில் ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ரப்பர் புஷ்கூடப் போடாமல், வெறும் விளிம்பு மேல் வயரை இழுத்துவிட்டிருக்கிறான். மலை ரோட்டு அதிர்வில் நாலு மாதம் உரசி உரசி, வயரின் தோலைத் தகரம் அறுத்துவிட்டது. செம்பு பாடியில் பட்டது. ஷார்ட். ஹெட்லைட் வயரிங்கோடு சேர்த்துக் கட்டியிருந்ததால் அதையும் உருக்கிவிட்டுத்தான் ஓய்ந்தது. நேரே பேட்டரியிலிருந்து வருகிற வயருக்குச் சாவி ஒரு பொருட்டா? அதை நிறுத்த வேண்டியது, கரண்ட் மிஞ்சினால் தானே உருகி அறுந்துபோகிற ஃபியூஸ். அது இல்லை. ஐம்பது ரூபாய் பெறாத பொருள்.

"வெறும் 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆமாம், ஷாக் அடிக்காது. சுடும். வீட்டில் 230 வோல்ட்டில் 110 வாட் விளக்கு எரிந்தால் வயரில் அரை ஆம்பியர்கூட ஓடாது. காரில் 55 வாட் பல்பு இரண்டு போட்டால் அதே 110 வாட்தான், ஆனால் 9 ஆம்பியருக்கு மேல் ஓடும். அதே வாட்டுக்கு வோல்ட் குறையக் குறைய ஆம்பியர் ஏறும், வயரைச் சுட வைப்பது ஆம்பியர். இதுவே ஷார்ட் ஆனால் கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். வீட்டு ஸ்விட்ச்சில் ஈரக் கையை வைக்கப் பயப்படுகிற ஆள், பேட்டரி மேல் ஸ்பேனரைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறார்.

நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு பார்க்கிறவள். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தது எங்கள் ஃபேக்டரி எலக்ட்ரீஷியன் அண்ணன். முதல் நாள் ஸ்பேனரை எடுத்தேன், "கைய நீட்டும்மா" என்றார். வளையல், மோதிரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி டப்பாவில் போட வைத்தார். தங்கம் கரண்டை அருமையாகக் கடத்தும். பிளஸ் டெர்மினலில் ஸ்பேனர், ஸ்பேனர் மேல் வளையல், வளையலின் மறுபக்கம் பாடித் தகரம் என்று ஒரு கணம் சேர்ந்தால் போதும், வளையல் பழுத்துவிடும். கழற்றுவதற்குள் தோலோடு ஒட்டும். அவருடைய வலது மணிக்கட்டில் வாட்ச் செயின் அச்சு இன்றும் இருக்கிறது, ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாகத் தெரியும். இருபது வயசில் ஆன காயமாம். இதைப் பார்த்த பிறகும் "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை" என்று பேசுகிற சொந்தக்காரர்களுக்குச் சொல்கிறேன், ஆம்பளை பார்த்த வேலைதான் என் அம்மாவை நடு ரோட்டில் நிறுத்தியது.

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசி. இது சாஸ்திரம் இல்லை, காரணம் இருக்கிறது. வண்டியின் பாடி முழுக்க மைனஸ். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸைத் திருகினால், ஸ்பேனரின் வால் எங்கே தகரத்தில் இடித்தாலும் ஷார்ட். மைனஸ்ஸை முதலில் எடுத்துவிட்டால், அதற்கப்புறம் பிளஸ்ஸில் வைத்த ஸ்பேனர் தகரத்தில் எங்கே இடித்தாலும் ஒன்றும் ஆகாது. இவ்வளவுதான் சங்கதி. இதை மாற்றிச் செய்கிற மெக்கானிக்குகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், தடுத்தால் "இருபது வருஷமா பண்றேன்" என்கிறார்கள்.

அடுத்தது ஃபியூஸ். இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது. ஃபியூஸ் பல்பைக் காப்பாற்ற இல்லை, வயரைக் காப்பாற்ற. அதனால்தான் அது பேட்டரிக்குப் பக்கத்திலேயே, பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். பல்பு பக்கத்தில் ஃபியூஸைப் போட்டால், பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே உள்ள வயர் அநாதை. எங்கள் தெருவில் ஒரு மாமா பிக்கப் ஓட்டுகிறார், கேரட்டும் கோஸும் ஏற்றிக்கொண்டு விடிகாலையில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறவர். அவர் வண்டியில் ஃபியூஸ் முந்தி அடிக்கடி போய்க்கொண்டிருந்ததாம், பார்க்கச் சொன்னார். மூடியைத் திறந்தால், சிவப்பு 10 ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை 30. அதற்குப் பக்கத்துக் குழியில் ஃபியூஸே இல்லை, செம்புக் கம்பியை முறுக்கிச் செருகியிருக்கிறார்கள். "அது போட்டதுக்கப்புறம் போறதே இல்லம்மா" என்றார் மாமா, நிம்மதியாக. எப்படிப் போகும்? இனி போக வேண்டியது வயரிங்தான். ஃபியூஸ் போகிறது என்றால் எங்கேயோ தப்பு நடக்கிறது என்று அது கத்துகிறது. அதன் வாயைப் பொத்திவிட்டுத் தூங்கப் போகலாமா? தேடினோம். டெயில் லைட் ஹோல்டரில் மழைத் தண்ணீர் இறங்கி உள்ளே பச்சை பூத்திருந்தது. பத்து நிமிஷ வேலை.

என் ஃபாக் லைட்டை நானே மறுபடி போட்டேன். அண்ணன் பக்கத்தில் நின்றார், கை வைக்கவில்லை. 9 ஆம்பியர் இழுக்கிற விளக்குக்கு நீல நிற 15 ஆம்பியர் ஃபியூஸ். அந்த 15-ஐ அலட்டாமல் தாங்க 2.5 ஸ்கொயர் எம்எம் வயர். ரிலேயில் 30 என்ற காலுக்கு ஃபியூஸ் வழியாக பேட்டரி பிளஸ், 87-லிருந்து விளக்குக்கு, 86-க்கு டாஷ்போர்டு ஸ்விட்ச், 85-க்கு எர்த், அதாவது வண்டியின் பாடி. இப்படிப் போட்டால் ஸ்விட்ச்சுக்குள் கால் ஆம்பியர்கூட ஓடாது, பெரிய கரண்ட் ரிலேயோடு போய்விடும். ஸ்விட்ச்சுக்கான பிளஸ்ஸைப் பார்க்கிங் லைட்டிலிருந்து எடுத்தேன், அதனால் பார்க்கிங் லைட்டை அணைத்தால் ஃபாக் லைட்டும் கூடவே அணைந்துவிடும். வயரைத் தகரம் தாண்டுகிற இடத்தில் ரப்பர் புஷ், அதற்கு மேல் நெளிவு டியூப், சைலன்சர் பக்கம் போகாமல் ஒரு சாணுக்கு ஒரு டை. ஜாயிண்ட்டை முறுக்கி டேப் சுற்றவில்லை. எஞ்சின் சூட்டில் அந்த டேப்பின் பசை ஆறு மாதத்தில் பாகாகிக் கழன்றுவிடும். வயர் நுனியில் லக் என்கிற உலோக மாட்டியை வைத்து, அதற்கென்று உள்ள பிளேயரால் நசுக்கி, இழுத்துப் பார்த்து, ஸ்லீவைச் சூடு காட்டிச் சுருக்கினேன். எர்த் போல்ட் இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி வெள்ளைத் தகரம் தெரிந்த பிறகுதான் முடுக்கினேன், மேலே வாஸ்லின் தடவினேன். எங்கள் ஊர் ஈரத்துக்குச் சுரண்டின தகரம் ஒரு மழையில் துரு ஏறிவிடும், அப்புறம் எர்த் வீக்காகி விளக்கு மினுக்கும். கடைசியில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14.1, விளக்கில் 13.8. முந்தி அந்தக் கடை வயரில் எவ்வளவு தொலைந்துகொண்டிருந்ததோ! ஞாயிற்றுக்கிழமை காலை ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்தது.

எல்லாவற்றையும் நாமே செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. மஞ்சள் ஸ்லீவ் போட்ட வயர் ஏர்பேக்குடையது, அதில் டெஸ்ட் லேம்ப்பைக் குத்தினால் ஏர்பேக் முகத்தில் வெடிக்கலாம். ஹைபிரிட், எலக்ட்ரிக் வண்டிகளில் ஆரஞ்சு நிற கேபிளில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட். அது ஆளைக் கொல்லும், கிட்டவே போகாதீர்கள்.

ஆனால் செத்த பேட்டரிக்கு இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்புகிற ஜம்ப் ஸ்டார்ட் எல்லாரும் செய்கிறார்களே, அதையாவது ஒழுங்காகச் செய்யுங்கள். ஜனவரியில் ஊட்டிப் பக்கம் புல் மேல் உறைபனி படர்கிற காலையில் பாதி வண்டிகள் முனகும். குளிரில் பேட்டரிக்குத் தெம்பு குறைகிறது, ஆயிலும் கெட்டியாகி எஞ்சின் சுற்ற மறுக்கிறது. உடனே நாலு பேர் கூடி, கேபிளை எடுத்து, கடைசி மைனஸ் கிளிப்பை செத்த பேட்டரியின் தலையிலேயே கடிக்க வைக்கிறார்கள். பொறி பறக்கிறது. பேட்டரிக்குள் ஹைட்ரஜன் வாயு இருக்கும், பொறி பட்டால் வெடித்து ஆசிட் முகத்தில் அடிக்கும். முதலில் சிவப்பு, செத்த பேட்டரியின் பிளஸ். அப்புறம் நல்ல பேட்டரியின் பிளஸ். கறுப்பு, நல்ல பேட்டரியின் மைனஸ். கடைசிக் கறுப்பு, செத்த வண்டியின் எஞ்சின் இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி. நாலு கிளிப். இதை மனப்பாடம் செய்ய முடியாதா நம்மால்?

கருகின அந்த வயர் துண்டை எடுத்துக்கொண்டு போன வாரம் அந்தக் கடைக்குப் போனேன். காசைத் திருப்பிக் கேட்கப் போகவில்லை. மேஜையில் வைத்தேன். முதலாளி அதைத் தொடக்கூட இல்லை. "நீங்க ஏதாச்சும் கை வெச்சிருப்பீங்க மேடம்" என்றார். அந்த நேரத்தில் வாசலில் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. டிஎன் 43 போட்ட வண்டி, எங்கள் மலை வண்டி. அதே தம்பி, அதே ஒல்லி வயர், நேரே பிளஸ்ஸுக்கு. வண்டிக்காரர் குன்னூர்ப் பக்கத்துப் பெரியவர், பேரனோடு வந்திருந்தார். துண்டை அவர் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஃபியூஸ் போடுப்பா, காசு எவ்வளவு ஆனாலும் சரி" என்றார்.

தம்பி கடைக்குள் போனான். டிராயரைத் திறந்தான், மூடினான். முதலாளியைப் பார்த்தான். சுவர் முழுக்க விளக்குகள் தொங்குகின்றன, நீலம், மஞ்சள், எதிரே வருகிறவன் கண்ணைப் பறிக்கிற எல்இடி பட்டை, எல்லாம் இருக்கிறது. ஃபியூஸ் ஹோல்டர் ஒன்றுகூட அந்தக் கடையில் இல்லை. பக்கத்துத் தெருவுக்கு ஓடிப் போய் வாங்கி வந்தான்.