அந்தப் பாட்டை நில்சன் எழுதவில்லை

‘வித்தவுட் யூ’ என்ற ஆங்கிலப் பாட்டு அமெரிக்கப் பாடகர் ஹாரி நில்சன் எழுதியது, அதைத்தான் பாடகி மரியா கேரி மறுபடி பாடினார் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பாதிதான் சரி.

எழுதியவர்கள் பேட்ஃபிங்கர் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பீட் ஹாமும் டாம் எவன்ஸும். ஒருவரிடம் சரணம், இன்னொருவரிடம் பல்லவி என்று தனித்தனியாகக் கிடந்ததை ஒட்டவைத்து 1970-இல் தங்கள் ‘நோ டைஸ்’ ஆல்பத்தில் பாடினார்கள், பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. நில்சனே முதலில் கேட்டபோது பீட்டில்ஸ் பாட்டு என்று நினைத்தாராம்! அவர் பாடியது 1972-இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பாட்டுத் தரவரிசையில் முதலிடம். 1994-இல் மரியா கேரிக்கு பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் மூன்றாமிடம்.

சந்தேகமா? நில்சனின் இசைத்தட்டு லேபிளில் பாட்டின் பெயருக்குக் கீழே பாருங்கள், ஹாம், எவன்ஸ் என்றே இருக்கும். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.