ஸ்கோரைத் தேடும் முன் எழுதி வையுங்கள்

முதன்முதலாக மைதானத்துக்குப் போய்ப் பார்த்த ஃபுட்பால் மேட்சைப் பற்றி யாரிடமாவது கேட்டால், யார் ஜெயித்தார்கள் என்பதில் தடுமாறுவார். படியேறியதும் கண்ணில் பட்ட புல்லின் பச்சையைச் சொல்லும்போது தடுமாறவே மாட்டார். ‘எல்லாரும் இதையேதானய்யா சொல்றீங்க’ என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. எல்லாரும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கேலரிக்கு அடியில் உள்ள நடைபாதை பெரும்பாலும் அரையிருட்டு, தாழ்ந்த கூரை, சிமென்ட் நிறம். அதற்குப் பழகிய கண் திடீரென்று வெளிச்சத்துக்கு வருகிறது. எதிரே 105 மீட்டர் நீளத்துக்கும் 68 மீட்டர் அகலத்துக்கும் ஒரே நிறம். கறுப்பு வெள்ளை டிவியில் மட்டும் ஆட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, தங்கள் அணியின் ஜெர்சி நிறம்கூட அன்றைக்குத்தான் கண்ணில் பட்டிருக்கும். அதனால் அந்தப் பச்சையை நம்பலாம்.

கோளாறு அடுத்த நிமிஷத்தில்தான் ஆரம்பிக்கிறது. கேட்டுக்கொண்டிருப்பவர் ‘ஸ்கோர் என்ன, எந்த வருஷம்?’ என்கிறார். சொல்பவர் போனை எடுக்கிறார். ரிசல்ட் வருகிறது, கூடவே யூடியூபில் ஹைலைட்ஸும் வருகிறது. இரண்டு நிமிஷம் பார்க்கிறார். அவ்வளவுதான், கதை முடிந்தது. அதற்குப் பிறகு அவர் சொல்வதெல்லாம் யூடியூப் சொன்னது.

மிகைப்படுத்தவில்லை. 1992 அக்டோபர் 4 அன்று ஆம்ஸ்டர்டாமில் ஒரு சரக்கு விமானம் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல் விழுந்தது. மோதிய கணத்தை யாருமே படம் பிடிக்கவில்லை. சுமார் பத்து மாதம் கழித்து நெதர்லாந்து ஆய்வாளர்கள், ‘விமானம் மோதிய அந்தக் காட்சியை டிவியில் பார்த்தீர்களா?’ என்று கேட்டார்கள். பாதிப் பேருக்கு மேல் பார்த்ததாகச் சொன்னார்கள். இல்லாத படமே மனசில் இப்படி ஏறி உட்காரும் என்றால், உண்மையிலேயே இருக்கிற ஹைலைட்ஸ் என்ன செய்யும்?

நினைவு இப்படி மாறிப்போய்விட்டதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. நினைவில் வரும் கோலை எந்தக் கோணத்திலிருந்து பார்க்கிறீர்கள்? டிவியின் பிரதான கேமரா நடுக்கோட்டுக்கு நேரே, உயரத்தில் இருக்கும். பந்து இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ போகும். நீங்கள் உட்கார்ந்தது கோல் போஸ்டுக்குப் பின்னால் என்றால் பந்து உங்களை நோக்கி வரவேண்டும், அல்லது விலகிப் போகவேண்டும். பக்கவாட்டில் ஓடினால் அது கேமராவின் நினைவு. மனசுக்குள் வர்ணனையாளர் குரல் கேட்டாலோ, கோல் மெதுவாக இன்னொரு தடவை ஓடினாலோ சந்தேகமே வேண்டாம்.

கோல் போஸ்டுக்குப் பின்னாலிருந்து பார்த்தவரின் உண்மையான நினைவு வேறு மாதிரி இருக்கும். எதிர்ப் பக்கத்துப் போஸ்ட் நூறு மீட்டருக்கு அப்பால். 7.32 மீட்டர் அகலமுள்ள போஸ்ட் அங்கிருந்து தீப்பெட்டி அளவுதான். பந்து கோட்டைத் தாண்டியதா என்பது தெரியாது. வலை புடைப்பது தெரியும், பல சமயம் அதுவும் தெரியாது. எதிர்க் கேலரி மொத்தமாக எழுந்திருப்பதுதான் முதலில் தெரியும். அவர்கள் போட்ட சத்தம் நம் காதுக்கு வர ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நொடி ஆகும். கூட்டம் எழுந்தது, பிறகுதான் சத்தம் வந்தது என்று ஒருவர் சொன்னால், அவர் அந்த இடத்தில் இருந்தார் என்று தாராளமாக நம்பலாம்.

ஆகவே முதலில் எழுதிவிடுங்கள், பிறகு தேடுங்கள். வயதான மாமாவிடமோ பாட்டனாரிடமோ கேட்டு எழுதுவதானாலும் இதே முறைதான். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, அரை மணி நேரம் ஒதுக்கி, முதலில் ஒரு செவ்வகம் வரையச் சொல்லுங்கள். அதுதான் மைதானம். எந்தப் பக்கம் உட்கார்ந்தார், எந்தப் பக்கம் நின்றார் என்று ஒரு புள்ளி. வந்த வழி ஒரு கோடு. பக்கத்தில் யார், எதிரில் எது கண்ணை மறைத்தது (தூணா, தொப்பியா, கொடியா), வெயில் முகத்தில் அடித்ததா முதுகிலா, எப்போது கிளம்பினார்கள். ஸ்கோரைக் கடைசியில் கேளுங்கள். முதலிலேயே கேட்டால் பரீட்சை எழுதுகிற பயம் வந்துவிடும். தெரியாததை நிரப்ப ஆரம்பித்துவிடுவார்.

எப்போது கிளம்பினார்கள் என்ற கேள்வி முக்கியம், பலர் விட்டுவிடுவார்கள். கூட்ட நெரிசலுக்குப் பயந்து 80ஆவது நிமிஷத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிய குடும்பங்கள் ஏராளம். அவர் 1-1 என்கிறார், ரெக்கார்டு 2-1 என்கிறது. இரண்டுமே சரியாக இருக்கலாம்.

இப்போது சரிபார்க்கும் வேலை. வெயிலிலிருந்து தொடங்குங்கள். மைதானங்களைக் கூடுமானவரை வடக்கு தெற்காக அமைப்பார்கள், தாழ்ந்த வெயில் கோல் கீப்பர் கண்ணில் நேராக விழக்கூடாது என்பதற்காக. முக்கிய ஸ்டாண்டை மேற்கில் வைப்பது வழக்கம், மாலை வெயில் அதற்கு முதுகில் விழும். மாலை முழுக்கக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தேன் என்றால் அவர் கிழக்கு ஸ்டாண்டில் இருந்திருக்கிறார். தெருக்களுக்கு நடுவே நெருக்கிக் கட்டிய பழைய மைதானங்கள் இந்த விதிக்கு அடங்காது. மேலிருந்து எடுத்த வரைபடத்தைப் பார்த்துத் திசையை உறுதி செய்துகொள்ளுங்கள்.

வருஷத்தைக் கண்டுபிடிக்க ஆட்ட விதிகளே போதும். கீப்பர் தன் அணிக்காரர் வேண்டுமென்றே காலால் தட்டிவிட்ட பந்தைக் கையில் எடுத்தார், ரெஃப்ரி விசில் அடிக்கவில்லை என்றால் அது 1992இல் அதற்குத் தடை வருவதற்கு முந்தையது. மஞ்சள், சிவப்பு அட்டைகள் உலகக் கோப்பைக்கு 1970இல் வந்தன. இங்கிலாந்து லீக்கில் 1976இல்தான் வந்தன, 1981இல் எடுத்துவிட்டார்கள், 1987இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1983இல் ஓர் இங்கிலாந்து லீக் மேட்சில் சிவப்பு அட்டை பார்த்தேன் என்று ஒருவர் சத்தியம் செய்தால், பார்த்தது வேறு வருஷம், அல்லது ரெஃப்ரி கையை நீட்டி வெளியே போகச் சொன்னதற்கு மனசு பின்னாளில் சிவப்புப் பூசிவிட்டது. அதே லீக்கில் ஞாயிற்றுக்கிழமை மேட்ச் என்பது 1974 ஜனவரியில், மின் தட்டுப்பாட்டுக் காலத்தில்தான் முதன்முதலாக நடந்தது.

ஜெர்சி நம்பரில் ஏமாறுவது இன்னும் அதிகம். ‘ஏழாம் நம்பர் கோல் போட்டார், ஆகவே அந்தப் பெரிய ஆட்டக்காரர்தான்’ என்பார்கள். இங்கிலாந்து லீக்கில் 1939இல் நம்பர் கட்டாயமானபோது அது அன்றைய இடத்துக்கான நம்பர். ஆட்டக்காரருக்கு நிரந்தர நம்பரும் முதுகில் பெயரும் இங்கிலாந்தின் உயர்மட்ட லீக்கான பிரீமியர் லீக்கில் 1993-94 சீசனில்தான் வந்தன. அதற்கு முன் ஸ்டாருக்குக் காயம் என்றால் அவர் இடத்தில் இறங்கிய பையன் அதே ஏழாம் நம்பரில் ஓடியிருப்பான். முதல் மேட்ச் நினைவுகளில் அன்றைக்கு ஆடவே ஆடாத நட்சத்திரங்கள் கோல் போட்டுக்கொண்டே இருப்பது இதனால்தான்.

மேட்ச் அன்று மைதானத்தில் விற்கும், அணி விவரம் அச்சான புரோகிராம் புத்தகம் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அதில் அச்சான அணி முன்கூட்டியே போட்டது. பென்சிலில் அடித்துத் திருத்தியிருந்தால் அந்தப் பென்சில் எழுத்துக்குத்தான் மதிப்பு அதிகம். அந்தக் கால இங்கிலாந்து மைதானங்களில் ஹாஃப் டைமில் மற்ற ஊர் ஸ்கோர்களை எல்லைச் சுவரோரம் ஏ, பி, சி என்ற எழுத்துகளுக்குக் கீழே தொங்கவிடுவார்கள். எந்த எழுத்து எந்த மேட்ச் என்பது புரோகிராமில் மட்டும் இருக்கும். வாங்காதவன் பக்கத்து ஆள் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டியதுதான். புரோகிராமில் அந்த எழுத்துகளுக்குப் பக்கத்தில் கையால் எழுதிய எண்கள் இருந்தால், புத்தகத்தின் சொந்தக்காரர் இடைவேளையில் அங்கே உட்கார்ந்திருந்தார் என்று நம்ப இதைவிட நல்ல தடயம் கிடைப்பது அரிது.

‘நானும் அன்னிக்கு அங்க இருந்தேன்’ என்பவர்களைக் கிண்டல் செய்வது ரசிகர்களின் பொழுதுபோக்கு. பெரிய மேட்ச்களுக்கு, மைதானம் கொள்ளாத அளவு சாட்சிகள் பின்னாளில் முளைப்பது உண்மைதான். ஆனாலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். 1923இல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த எஃப்ஏ கோப்பை ஃபைனலுக்கு அதிகாரபூர்வ எண்ணிக்கை 126,047. கூட்டம் வாசலையும் சுவரையும் தாண்டிப் புல்தரை வரைக்கும் வந்துவிட்டது. எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்பது இன்றுவரை மதிப்பீடுதான். டிக்கெட் இல்லை என்பதற்காக ஒருவரைப் பொய்யர் ஆக்கிவிட முடியாது.

டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பளபளப்பான, லேசான தாளில் அச்சிட்ட பல டிக்கெட்டுகள் தெர்மல் தாள், அதாவது சூட்டில் எழுத்து தோன்றும் வகை. பாசத்தில் அதை லேமினேட் செய்யக் கொடுத்தால் முழுசாகக் கறுத்துப்போய்த் திரும்பி வரும், மீட்க வழியில்லை. முதலில் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு பாலியெஸ்டர் உறையில் போட்டு வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். பிவிசி உறை, செலோ டேப், ரப்பர் பேண்ட் மூன்றும் ஆகாது. பழைய புரோகிராமின் ஸ்டேபிள் துருப்பிடித்திருந்தால், இரும்பு தாளைத் தின்பதற்குள் மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிட்டுப் பருத்தி நூலால் கட்டலாம்.

இப்போது டிக்கெட் போனுக்குள் போய்விட்டது. மேட்ச் முடிந்ததும் ஆப்பிலிருந்தும் மறைந்துவிடலாம். பிளாக், வரிசை, இருக்கை எண் தெரிகிற மாதிரி அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முதல் தடவை யாரையாவது கூட்டிப்போனால் பெனால்டியை வீடியோ எடுக்காதீர்கள், அது எப்படியும் நூறு இடத்தில் கிடைக்கும். ஆட்டம் தொடங்கும் முன் உங்கள் இருக்கையிலிருந்து தெரியும் காட்சி, பின்னால் உட்கார்ந்திருக்கும் கூட்டம், படியேறி வந்த வாசல் எங்கும் கிடைக்காது. சின்னக் குழந்தை என்றால் காதை மூடும் இயர்மஃப் எடுத்துப்போங்கள். முதல் கோல் சத்தத்தில் மிரண்டுவிட்டால் மிச்ச ஆட்டம் வாசலுக்கு வெளியேதான்.

முதல் மேட்ச் 0-0 ஆகிவிட்டதே என்று வருத்தப்படுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த ஆட்டத்தின் ஹைலைட்ஸை யாரும் திரும்பப் போடமாட்டார்கள். எதிர் ஸ்டாண்டின் கடிகாரம், தூணில் உரிந்த பெயின்ட், முன்வரிசைக்காரர் சட்டையின் கோடு எல்லாம் மனசில் பதிந்தபடியே இருக்கும். எழுதியதைச் சரிபார்த்த பிறகு தப்பாக இருந்த வரியை அடிக்க வேண்டாம். பக்கத்தில் வேறு மையில் ரெக்கார்டு சொல்வதை எழுதி, எங்கிருந்து எடுத்தீர்கள், எந்தத் தேதியில் என்று குறித்துவிட்டு இரண்டையும் அப்படியே விட்டுவிடுங்கள்.