எட்டயபுரம் பாரதியின் ஊர் மட்டுமன்று

எட்டயபுரத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பாரதி பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டு, கல்கி முன்னின்று நிதி திரட்ட 1947இல் ராஜாஜி திறந்துவைத்த மணிமண்டபத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு, கோவில்பட்டிக்கோ தூத்துக்குடிக்கோ பேருந்து ஏறிவிடுகிறார்கள். சற்று மெனக்கெடுகிறவர்கள் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் அடக்கத்தலத்துக்கும் போகிறார்கள். கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் சமாதி இதே ஊரில்தான் இருக்கிறது என்பது சங்கீதம் கேட்கிறவர்களைத் தாண்டி அதிகம் பேருக்குத் தெரியாது.

திருவாரூரில் பிறந்த தீட்சிதர் தம் இறுதிக் காலத்தில் இந்தக் கரிசல் பூமிக்கு வந்ததற்குக் காரணம் அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர். வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர் என்று போற்றப்படும் பாலுசுவாமி, எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆஸ்தான வித்வானாக இருந்தார். வரும் வழியில் காய்ந்து கிடந்த நிலத்தைக் கண்டு தீட்சிதர் அமிர்தவர்ஷினி ராகம் பாட, மழை கொட்டியது என்று ஒரு கதை உண்டு. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் வானம் பார்த்த பூமியில் பிழைக்கிறவர்களுக்கு, அந்தக் கதை ஏன் இந்தப் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது என்பதை விளக்க வேண்டியதில்லை. 1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில் அவர் இங்கே காலமானார்.

என்னைக் கேட்டால், இந்த ஊரின் ஆகப்பெரிய நினைவுச் சின்னம் சமாதியுமன்று, மணிமண்டபமுமன்று. 1904இல் இங்கேயே அச்சான 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற புத்தகம். பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரனும் அவருடைய சுவீகார புத்திரனுமான சுப்பராம தீட்சிதர், குடும்பத்துக்குள் பொத்திப் பாதுகாத்த பாடல்களையெல்லாம், இசை ஆய்வாளர் சின்னசாமி முதலியார் விடாமல் வற்புறுத்தியதன் பேரிலும் சமஸ்தானத்தின் ஆதரவிலும், தெலுங்கு எழுத்தில் வெளியிட்டார். முத்துசுவாமி தீட்சிதரின் 229 கீர்த்தனைகள் அதில் ஸ்வரப்படுத்தப்பட்டுள்ளன. ஸ்வரத்தை மட்டும் எழுதினால் பாட்டின் எலும்புக்கூடுதான் கிடைக்கும் என்பதை அறிந்தவர் அவர். ஆகவே ஸ்வரத்தை அசைக்கும் கம்பிதத்துக்கு ஸ்வரத்தின் மேல் நெளிகோடு, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் ஏற்ற ஜாருவுக்கும் இறக்க ஜாருவுக்கும் எதிரெதிராகச் சாயும் கோடுகள், வீணைக் கம்பியை இழுத்து வாசிக்கும் ஒதுக்கலுக்குப் பெருக்கல் குறி என்று ஒவ்வொரு அசைவுக்கும் ஓர் அடையாளம் வைத்தார். ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில், ஒரு சிற்றூர் அச்சகம் இத்தனை குறிகளையும் இடம் பிசகாமல் அமைத்திருப்பது எளிய காரியமன்று. 1961 முதல் சென்னை மியூசிக் அகாடமி அதைத் தமிழ் எழுத்தில் கொண்டுவந்தது. இன்றும் தீட்சிதர் கீர்த்தனையின் பாடம் பற்றி இரண்டு வித்வான்கள் மாறுபட்டால், கடைசியில் இந்தப் புத்தகத்தைத்தான் புரட்டுகிறார்கள்.

எட்டப்பன் என்ற பெயரை வசைச்சொல்லாக மட்டுமே அறிந்த நாம், அதே வம்சத்து அரண்மனை செய்த இந்தக் காரியத்தையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும். கட்டபொம்மனுக்கு எதிராக நின்ற 1799இன் பழியை இது துடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை.

பாரதிக்கும் இந்த இசைக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல இரண்டையும் தனித்தனியே சொல்வதுதான் எனக்கு உறுத்துகிறது. புத்தகம் உருவான அந்த ஆண்டுகளில், காசியிலிருந்து திரும்பிய பாரதி அதே அரண்மனையில் வேலை பார்த்தார். பிற்காலத்தில், எந்தக் கச்சேரிக்குப் போனாலும் தீட்சிதரின் 'வாதாபி கணபதிம்' தொடங்கி அதே சில பாட்டுகள்தாமா என்று அவர் சலித்துக்கொண்டதை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். தீட்சிதரின் கீர்த்தனைகளுக்குக் கங்கையின் கம்பீரம் உண்டு என்று ஒப்புக்கொண்டுவிட்டுத்தான், வடமொழியில் இருப்பதால் அவை தமிழ்நாட்டுப் பொதுமக்களைச் சேராது என்று அவர் வாதிட்டார். அது சங்கீதம் அறியாதவரின் வசையன்று, வீட்டுக்குள் இருந்துகொண்டு போட்ட சண்டை. 1906இல் சுப்பராம தீட்சிதர் மறைந்தபோது, கன்னனோடு கொடையும் கம்பனோடு கவிதையும் போனதுபோல இவரோடு பண்ணின் வளம் போயிற்று என்று இரங்கற்பா பாடியவரும் பாரதிதான்.

பாரதி இல்லத்தின் சுவரில் அந்த இரங்கற்பாவை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதிவைத்து, அதன் கீழே தீட்சிதர் சமாதிக்கு வழிகாட்டும் ஓர் அம்புக்குறி போட்டு, பிரதர்சினியின் ஒரு பக்கத்தையாவது பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்ட வேண்டும். இதற்குக் கோடிக்கணக்கில் நிதி ஒதுக்கத் தேவையில்லை. பொறுப்பில் இருப்பவர்கள் மனம் வைத்தால் வரும் டிசம்பர் 11ஆம் தேதி பாரதி பிறந்தநாள் விழாவுக்கு முன்பே முடித்துவிடலாம்.