கடைத் தேங்காய் மன்னிப்பு

தேவனுடைய மன்னிப்புக்கு விலை கிடையாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இரட்சிப்பு தேவனுடைய ஈவு என்று சொல்லும் எபேசியர் 2:8-ஐத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவீர்கள். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் உபவாசம், பொருத்தனை, காணிக்கை என்று நாம்தான் எதையாவது நீட்டிக்கொண்டே இருக்கிறோம். இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு ஞானஸ்நானம் வாங்கக்கூட நேரமில்லை. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று பதில் வந்துவிட்டது. இதை முழுசாக நம்புகிறவன் நான்.

என் சண்டை வேறு இடத்தில்.

குன்னூர் பக்கம் ஒரு சபை. சீட்டுப் பிடித்த ஒருவர், தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் இருக்கும் பெண்களின் பணத்தோடு காணாமல் போனார். கொழுந்து பறித்து, தீபாவளி போனஸையும் சேர்த்துப் போட்ட பணம். கொஞ்ச காலம் கழித்துத் திரும்பி வந்து, சாட்சி நேரத்தில் மைக்கைப் பிடித்து, "கர்த்தர் என்னை மன்னித்துவிட்டார்" என்று அழுதார். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். சரி. அப்புறம் சபையை நடத்தும் மூப்பர்கள் அந்தப் பெண்களைத் தேடிப் போய், "கர்த்தரே மன்னித்துவிட்டார், நீங்கள் ஏன் இன்னும் போலீஸ், கேஸ் என்று பேசுகிறீர்கள்?" என்றார்கள். ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லும் வசனமும் சொன்னார்கள். பணம் எங்கே என்று அவரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்தது போல இருக்கிறது இது. கிறிஸ்தவன் இந்தப் பழமொழியைச் சொல்லலாமா என்று கேட்காதீர்கள், இவ்வளவு பொருத்தமாக வேறு கிடைக்கவில்லை.

அந்த ஏழெழுபது தரம் மத்தேயு 18-இல் வருகிறது. தனக்குக் குற்றம் செய்த சகோதரனை எத்தனை தரம் மன்னிப்பது என்று சீடன் பேதுரு இயேசுவிடம் கேட்கிறான். அடுத்தவன் காயத்துக்குக் கணக்குக் கேட்கவில்லை. அதே அதிகாரத்தில், சில வசனங்கள் முன்னால்தான், குற்றம் செய்தவனிடம் போய் அதை உணர்த்து, கேட்காவிட்டால் சபைக்குச் சொல் என்றும் இருக்கிறது. அதை மூப்பர்கள் வாசிக்கக் காணோம்.

1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸும் அவருடைய மகன்கள் பிலிப், திமோத்தியும் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தபோது எரித்துக் கொல்லப்பட்டார்கள். நம் ஊட்டியில் படித்துக்கொண்டிருந்த பையன்கள் அவர்கள். விடுமுறைக்கு அப்பாவிடம் போயிருந்தார்கள். பெரியவனுக்கே 10 வயதுதான். கொன்றவர்களை மன்னிப்பதாகக் கிரஹாமின் மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் சொன்னார். அதைச் சொல்லும் உரிமை அவருக்கும் மகள் எஸ்தருக்கும் மட்டுமே இருந்தது. ஆனால் வழக்கு நிற்காமல் நடந்தது. முக்கியக் குற்றவாளி தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மன்னிப்பையும் சட்டத்தையும் போட்டுக் குழப்பாதவர் அந்த அம்மா.

பைபிளில் வரும் வரி வசூலிப்பவன் சகேயுவையும் பாருங்கள். உன் வீட்டுக்கு வருகிறேன் என்று இயேசு சொன்னபோது ஒரு நிபந்தனையும் போடவில்லை. சுத்தமான இலவசம். ஆனால் அதை வாங்கிக்கொண்டவன், யாரும் கேட்காமலே எழுந்து நின்று, அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறான்.

நம் சீட்டுக்காரர் நாலு மடங்கெல்லாம் தர வேண்டாம். அசலை மாதா மாதம் கொஞ்சமாகக் கொடுத்தால்கூடப் போதும் என்று அந்தப் பெண்களில் சிலரே சொல்கிறார்கள். மூப்பர்கள் அடுத்த தடவை லயன் பக்கம் போகும்போது, முதல் தவணைக்கு ஒரு தேதியைக் கையோடு வாங்கிக்கொண்டு போகட்டும்.